தொட்டித் தண்ணீர்

ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்காது டாக்டர். உங்கள் கம்பவுண்டர் பானையிலிருந்து மொண்டு கொடுத்தார். வேண்டாம் என்றேன். அவர் தப்பாக நினைத்திருந்தால் சொல்லிவிடுங்கள்.

வளன் வெளியே பெஞ்சில் இருக்கிறான். கட்டு மாற்றியாகிவிட்டது. மாத்திரை எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வருவதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன். கதவைச் சாத்தியது அதற்காக அல்ல.

ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ஆபரேஷன் முடிந்த அன்று வராந்தாவில் வைத்து நீங்கள் மரியசெல்வி அக்காவிடம் சொன்னீர்கள். "இந்தப் பையனைக் கோவிக்காதீங்கம்மா. நல்லது செய்யணும்னு நெனச்சு, வெவரம் தெரியாம செஞ்சிட்டான்." அக்கா என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ என்னல செய்வ மக்கா, உனக்கு என்ன தெரியும்" என்றார். அன்றிலிருந்து தெருவில் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். டீக்கடையில் சொல்கிறார்கள். கோயில் வாசலில் சொல்கிறார்கள். யாரும் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. பாவம், தெரியாமல் செய்துவிட்டான்.

எனக்குத் தெரியும் டாக்டர்.

என் பெயர் ஜெபசீலன். ஊர் நாசரேத். அப்பா பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டேன். காரணம் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அப்பா கொஞ்ச நாள் பேசினார், பிறகு பேசுவதை விட்டுவிட்டார். நான் தூத்துக்குடிக்கு வந்து, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்டில் சேர்ந்தேன். புதுத் துறைமுகம் திறந்த வருஷம் அது.

ஐஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தரை மட்டத்தில் ஒரு பெரிய தொட்டி. அதில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை அதற்குள் இறக்கி வைப்போம். விடிவதற்குள் அச்சுக்குள் இருப்பது கட்டியாகிவிடும். வெளியே இருக்கிற உப்புத் தண்ணீர் மட்டும் உறையாது. ஐஸை விடப் பத்து டிகிரி குளிர்ந்தாலும் தண்ணீராகவே கிடக்கும். ஐஸ் கட்டியைப் பிடித்தால் விரல் மரக்கும், துடைத்தால் திரும்பிவிடும். தொட்டித் தண்ணீர் அப்படி அல்ல.

எங்கள் ஷிப்டில் செல்லப்பாண்டி என்று ஒருவர் இருந்தார். ரப்பர் கையுறையில் ஓட்டை விழுந்தது தெரியாமல் வெகுநேரம் வேலை பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டவன் நான். விரல் நுனிகள் மெழுகுவர்த்தி மாதிரி வெள்ளையாக இருந்தன. நகத்தால் தட்டினால் சத்தம் வந்தது. "வலிக்கலையே தம்பி, வலிச்சா எடுத்திருப்பேம்லா" என்றார். அந்த நுனிகள் இப்போது அவருக்கு இல்லை. இப்போது கேட்டில் வாட்ச்மேனாக இருக்கிறார். நான் எதையும் புத்தகத்தில் மட்டும் படித்தவன் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

மரியசெல்வி அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். அவருடைய புருஷன் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை. வீட்டில் இருக்கிற நாள் குறைவு. ஒரே பிள்ளை வளன். நன்றாகப் பந்து ஆடுவான். இடது கால் ஆட்டக்காரன். நான் வேலை முடிந்து படி ஏறும்போது அவன் பந்தோடு இறங்கிக்கொண்டிருப்பான். வழி விட்டு ஒதுங்குவான். அவ்வளவுதான் பழக்கம். என் பெயர் அவனுக்குத் தெரியாது. "மாடி அண்ணன்" என்றுதான் சொல்வான்.

பெரியதாழைக்கு ஆடப்போன இடத்தில் மணல் குழியில் கால் மடங்கிவிட்டது. அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிச்சையா அண்ணாச்சி அவனைச் சைக்கிள் கேரியரில் வைத்து வாசலில் கொண்டுவந்து இறக்கினார். இடது கணுக்கால் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. எண்ணெய் போட்டு இழுத்துவிடலாம் என்று நாலு பேர் நாலு பக்கம் நின்றார்கள். நான் படியில் நின்றபடி, "இழுக்காதீங்க. ஐஸ் வைங்க" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் நான் பேசி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

தினமும் வேலை முடிந்ததும் சாக்கில் ஐஸ் கொண்டுவந்தேன். துணியில் சுற்றி வைத்தேன். காலை உயர்த்தி வைக்கச் சொன்னேன். வீக்கம் வற்றியது. நீங்களே அதைச் சரியான முறை என்று சொன்னீர்கள். பிறகு கடற்கரை வரை நடக்க வைத்தேன். அவன் என் தோளில் கை போட்டு நொண்டி நொண்டி வருவான். அவனுக்கு நல்ல கனமான கை.

அந்த நாட்களில் தெருவே என்னோடு பேசியது. வலை பின்னுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, காலு எப்படியிருக்கு" என்று கேட்பார்கள். அவனிடம் கேட்கமாட்டார்கள், என்னிடம்தான் கேட்பார்கள். பிச்சையா அண்ணாச்சி ஒரு நாள் சொன்னார், "ஏலே, காலு ஜெபசீலனுக்குத்தான் சொந்தம். நீ சும்மா சொமந்துக்கிட்டுத் திரியுத." வளன் அப்படிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

புதுத் துறைமுகத்துக்குக் கால்பந்துக் குழு எடுக்கப்போகிறார்கள் என்று அப்போது பேச்சு. எடுபட்டால் வேலை. துறைமுகக் குடியிருப்பில் வீடு. மரியசெல்வி அக்கா அதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. "அவுக அப்பா தோணி வர ஒரு நா தாமதமானா எனக்குச் சோறு எறங்காது. இவனும் கடல்ல போனா நான் என்னத்துக்கு இருக்கணும். எப்படியாவது அந்தத் தேதிக்குள்ள அவன் கால நிமித்திக் குடுத்துரு ராசா" என்பார். கொடுத்துவிடலாம் அக்கா என்றேன். முடியும் என்றுதான் சொன்னேன். கால் உண்மையிலேயே நிமிர்ந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் ஐஸ் சாக்கோடு வந்தேன். வளன் திண்ணையில் இல்லை. தெருக் குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். நேராக நடந்து வந்தான்.

"அண்ணே, இனி ஐஸ் வேண்டாம். காலு ஜம்முன்னு இருக்கு. நீங்க பாவம், போய் உறங்குங்க" என்றான்.

மரியாதையாகத்தான் சொன்னான். நான் மாடிக்குப் போய்ப் படுத்தேன். சாக்கு படியிலேயே கிடந்து உருகி, தண்ணீர் வாசல் வரை ஓடியது. சாயங்காலம் அவன் தனியாக மைதானத்துக்குப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடையில் பிச்சையா அண்ணாச்சி எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு எதுவும் இல்லை. கால் சரியாகிவிட்டது.

கோபம் வந்தது என்று நீங்கள் நினைக்கக்கூடும். வரவில்லை. அன்று ராத்திரி எப்போதும் போல வேலை பார்த்தேன். தொட்டியின் மரப்பலகையைத் தூக்கி, தண்ணீரை ஒரு தூக்குவாளியில் மொண்டேன்.

"மேல ஆறிட்டு. உள்ள நரம்பு ஆறல. இப்ப விட்டா ஆட்டத்துல திரும்பவும் மடங்கும்" என்று வளனிடம் சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. நான் சொன்னால் நம்புவான். இதுவரை நான் சொன்னதெல்லாம் பலித்திருந்தது. வாளியில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஐஸை உடைத்துப் போட்டு, மேலே உப்பும் போட்டேன். அது கல்லூரியில் நான் கடைசியாகச் செய்த பரிசோதனை. தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமா.

"சுடுது அண்ணே."

"சுடும்."

"தீயில வச்ச மாதிரி இருக்கு."

"கொஞ்சம் பொறு."

கொஞ்ச நேரம் கழித்து அவனே சிரித்தான். "இப்ப ஒண்ணுமே தெரியல. காலு இருக்கா இல்லையான்னே தெரியல. நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும் அண்ணே."

முதல் சில நாட்கள் காலைச் சீக்கிரமே வெளியே எடுத்துவிட்டேன். நிறம் மாறத் தொடங்கும்போது எடுப்பேன். எவ்வளவு நேரத்தில் மாறும் என்பது எனக்குக் கைவந்துவிட்டது. அவனுக்கு வலி இல்லை. ஆனால் கால் தரையை உணரவில்லை. பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றான். தடுமாறினான். மறுபடி என் தோளில் கை போட்டான். வலை பின்னுகிறவர்கள் மறுபடி கேட்டார்கள். அக்கா என் தட்டில் ஊளி மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆள் எடுக்கும் நாள் வந்தது. அந்தக் காலோடும் அவன் போவான் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு நல்ல ஆட்டக்காரன். எடுபட்டும் விடுவான். குடியிருப்புக்குப் போய்விடுவான். அங்கே வேறு யாராவது இருப்பார்கள்.

அன்று காலை அவனே கேட்டான். "அண்ணே, இன்னிக்கு மட்டும் நல்லா மரத்துப்போற மாதிரி வச்சு விடுங்க. ஆட்டத்துல வலிக்கக் கூடாது." அவன் கேட்டான் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுத் திரும்பி வந்து டம்ளரை எடுத்தார். கால் அப்போதும் வாளிக்குள் இருந்தது. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வளன் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். கோல்கீப்பர் உயரமான ஆளாம், அதனால் தாழ்வாக அடிக்கப் போகிறானாம்.

வெளியே எடுத்தபோது செல்லப்பாண்டியின் விரல் நினைவுக்கு வந்தது. அதே நிறம். அவன் பார்ப்பதற்குள் துடைத்து, காலுறை போட்டு, பூட்ஸை மாட்டி, கயிற்றை நானே கட்டினேன். நன்றாக இறுக்கிக் கட்டினேன்.

மைதானத்தில் அவன் ஓடத்தான் செய்தான். முதல் பந்து வந்தபோது குனிந்து தன் காலைப் பார்த்தான். வளன் கீழே பார்த்து ஆடுகிறவன் அல்ல. "ஏலே வளா, என்னல தரையப் பாத்து ஆடுத? காசு கீசு போட்டுட்டியா?" என்று பிச்சையா அண்ணாச்சி கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது பந்தை உதைத்தபோது கால் பந்தில் படவே இல்லை, அவன் விழுந்தான். எழுந்து, மறுபடி விழுந்தான். என்னைத் தேடினான். கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். நான் கையைக் காட்டினேன்.

பூட்ஸைக் கழற்றியது பிச்சையா அண்ணாச்சி. அந்தக் காலுறையை நீங்களே பார்த்தீர்கள். பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தது நீங்கள். குதிகால் தோல் இனி வளராது என்று சொன்னதும் நீங்கள். மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க. ராத்திரி பூரா வேல பாத்துட்டு எனக்காக உறங்காம கெடந்தாக." அப்போது நான் கட்டில் பக்கத்தில்தான் நின்றேன். அழுகை வரவில்லை. வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன்.

அதனால் 'தெரியாமல்' என்பதை எடுத்துவிடுங்கள். தெரியாதவன் செய்திருந்தால் முதல் நாளிலேயே விரல் போயிருக்கும், அல்லது ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கும். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எந்த நிறத்தில் நிறுத்தினால் திரும்பும், எந்த நிறத்துக்குப் பிறகு திரும்பாது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். ஆறிய காலை நான்தான் கெடுத்தேன். படிப்பை முடிக்காதவன் என்று சொல்லுங்கள், அது உண்மை. விவரம் இல்லாதவன் என்று சொல்ல வேண்டாம்.

போலீஸிடம் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள். மரியசெல்வி அக்காவிடமும் சொல்லுங்கள். வளனிடமும் சொல்லத்தான் வேண்டும். இப்போதே கதவைத் திறந்து கூப்பிட்டுவிட வேண்டாம் என்பது மட்டும்தான் என் கோரிக்கை. உங்கள் மாடிப்படி செங்குத்து. ஏறும்போது கைப்பிடிச் சுவர் பக்கத்திலேயே இருந்தும் அவன் அதைத் தொடவில்லை, என் தோளைத்தான் பிடித்துக்கொண்டான். நான் இல்லாமல் அவனால் இறங்க முடியாது. முதலில் அவனைப் பத்திரமாக வீட்டில் விட்டுவிடுகிறேன். அதன் பிறகு சொல்லுங்கள்.

அப்படியே அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கணுமா, பின்னாலா என்றும் சொல்லிவிடுங்கள் டாக்டர். நான்தானே கொடுக்கப் போகிறேன்.