குறிப்பெடுக்கப் பழக்கும் வகுப்பு

பிரசாந்தன்: ...பரீனாக்கா, கொஞ்சம் நில்லுங்கோ. இது உங்கட கொப்பிதானே?

பரீனா: ஓம் சேர். எழுத்து விளங்கேல்லையோ?

பிரசாந்தன்: எழுத்து முத்து மாதிரி. ஆனா நான் காலமையில இருந்து தொண்டை கிழியப் படிப்பிச்சது, இனி வாற கோழி வளர்ப்பு வகுப்பில குறிப்பு எப்பிடி எடுக்கிறதெண்டு. இதில அடையாள அட்டை நம்பர் கிடக்கு, குடும்பத்தில ஏழு பேர் எண்டு கிடக்கு...

பரீனா: ஏழில்லை சேர், எட்டு. பழைய பதிவில இருந்த மாதிரியே எழுதிப்போட்டன். மகளுக்குப் போன மாசம் பிள்ளை. தாங்கோ, திருத்தி...

பிரசாந்தன்: பொறுங்கோக்கா. இது பதிவில்லை, வகுப்பு.

பரீனா: புத்தளத்தில அகதியா இருந்திட்டு, சொந்த ஊர் பெரியமடுவுக்குத் திரும்பி வந்து ரெண்டு வருசம். இவ்வளவு நாளும் ஆராவது கொப்பியும் பேனையும் தந்தா அது உதவிக்குப் பதிவுதான்.

பிரசாந்தன்: சரி, நான் என்ன படிப்பிச்சனான்? சொல்லுங்கோ பாப்பம்.

பரீனா: சொல்றதெல்லாத்தையும் எழுதப்படாது. முக்கியமானதை மட்டும், சுருக்கமா, தலைப்புப் போட்டு எழுதோணும்.

பிரசாந்தன்: அதுதான். பிறகென்ன?

பரீனா: அதுதான் மேல 'வீடு' எண்டு போட்டனான். கீழ 'இல்லை' எண்டு எழுதினனான். இதைவிடச் சுருக்க ஏலுமோ?

பிரசாந்தன்: நான் வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லையேக்கா...

பரீனா: நீங்கள் கதைக்கேல்லை. அதாலதான் நானே எழுதினனான். மாரிக்கு இன்னும் ஒரு மாசம். கூரைக்குக் கட்டின தறப்பாள் கிழிஞ்சு தொங்குது. பிள்ளை பெத்தவளை எங்க கிடத்துறது?

பிரசாந்தன்: ...மற்றாக்களும் இப்பிடித்தான் எழுதினவையோ?

பரீனா: லூசியா கிணறு கேட்டிருக்கிறா. ஜமால்தீன் காக்கா காணியைப் படமாக் கீறி, எல்லைக்கு அம்புக்குறியும் போட்டிருக்கிறார். அம்புக்குறி போட்டா விளங்கும் எண்டனீங்கள்.

பிரசாந்தன்: என்ர கடவுளே...

பரீனா: மேலிடத்துக்குக் காட்டுங்கோ சேர். காட்டத்தானே எழுதினது.

பிரசாந்தன்: அக்கா... உண்மையைச் சொல்றன், கோவிக்காதேங்கோ. இந்தக் கொப்பியளை ஒருத்தரும் பாக்கமாட்டினம். முப்பத்திரண்டு பேரும் நல்லா விளங்கிக்கொண்டினம் எண்டு போன கிழமையே எங்கட நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பியாச்சு.

பரீனா: வகுப்புக்கு முந்தியோ?

பிரசாந்தன்: ...முந்தித்தான்.

பரீனா: அப்ப நானும் ஒண்டு சொல்லிப்போடுறன். நீங்கள் சாப்பிடப் போன நேரம் எல்லாரும் இன்னொருக்கா எழுதி, கொப்பித் தாளைக் கிழிச்சு, என்ர மனுசனிட்டக் குடுத்து வீட்டுத்திட்டக் கந்தோர் அதிகாரியளுக்கு அனுப்பிட்டம். எங்கட வெறுந்தாளை நாலு தரம் திருப்பி விட்டவங்கள், உங்கட நிறுவனத்தின்ர பேர் அச்சடிச்ச இந்தக் கொப்பித் தாளைக் கண்ட உடன எழும்பி நிண்டு வாங்கினவங்களாம், மனுசன் இப்பத்தான் போனில சொன்னவர். ஆர் பொறுப்பெண்டு கேட்டிருக்கிறாங்கள்... மனுசன் உங்கட பேரைத்தான் குடுத்திருக்கிறார்.