காரணம் எழுதுற கட்டம்

அட, காலை இழுக்காதீங்கண்ணே. கொப்புளத்தைக் கிழிக்கல்லாம் மாட்டேன். ஊசியில நூலைக் கோத்து இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்துடுவேன், அவ்வளவுதான். நூல் உள்ளேயே கிடக்கட்டும், தண்ணியெல்லாம் அது வழியா இறங்கிடும். நான் தையல்காரி. இருபது வருஷமா சீருடை தைக்கிற கம்பெனியில வேலை. கை நடுங்காது, பயப்படாதீங்க.

மருந்து எரியுதா? எரியத்தான் செய்யும். பழசு பிஞ்சா என்ன, தைச்சுப் போட்டுக்க வேண்டியதுதானே? பாதி வழியில புது ஷூ வாங்கி மாட்டிக்கிட்டு மலைக்கு நடக்குறீங்க. நல்ல ஆளு போங்க.

தனியாத்தான் வந்தேன். வீட்டுக்காரர் போய் வருஷம் ஒண்ணு ஆச்சு. ஆமாண்ணே, செத்துட்டாரு. மெஷின்ல உட்கார்ந்தா கை ஓடல, படுத்தா தூக்கம் வரல. கூட வேலை பாக்குறவதான் சொன்னா, மலை வரைக்கும் நடந்துட்டு வாடி, ஒரு மாசம் நடந்தா பாரம் குறையும்னு. எனக்கு நம்பிக்கை இல்ல. இருந்தும் கிளம்பிட்டேன்.

முதல் சத்திரத்துல பதிவேட்டை நீட்டினாங்க. உங்களுக்குத் தெரியாததா? பேரு, வயசு, அப்புறம் எதுக்காக நடக்குறீங்கன்னு ஒரு கட்டம். என்னத்தை எழுதுறதுன்னு முழிச்சுட்டு, மத்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு முந்தின நாள் பக்கத்தைத் திருப்பினேன். தப்புதான், அடுத்தவங்க மனசை எட்டிப் பாக்குறது. அன்னைக்குப் பிடிச்ச பழக்கம், எந்தச் சத்திரத்துலயும் விடல.

ஒருத்தர் கட்டம் பத்தாம ஓரமெல்லாம் பொடிப்பொடியா எழுதியிருந்தாரு. கட்டடத்துல சாரம் பலமா இருக்கான்னு பரிசோதிக்கிற வேலையாம். மேல ஏறி ஒவ்வொரு பலகையையும் மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் ஏறலாம்னு ஏணியில பச்சை அட்டை கட்டணுமாம். அன்னைக்கு நல்ல வெயிலாம், கீழ நின்னே கையெழுத்துப் போட்டுட்டாராம். அட்டையை நம்பி ஒரு பெயிண்டர் ஏறியிருக்காரு. மூணாவது மாடிப் பலகை முறிஞ்சு விழுந்துட்டாராம். என்னால ஒரு உசுரு போச்சு, கண்ணை மூட முடியலைன்னு எழுதியிருந்தாரு. படிச்சுட்டு அழுதேண்ணே. பொய் சொல்வானேன், கொஞ்சம் ஆறுதலாக்கூட இருந்துச்சு. எனக்கு மட்டும்தான் தூக்கம் போச்சுன்னு நினைச்சுட்டிருந்தேன்.

இருங்க, நூலை வெட்டிக்கிறேன். ரெண்டு பக்கமும் கொஞ்சம் நுனி நிக்கணும்.

அடுத்த சத்திரத்துல அதே கையெழுத்து, ரெண்டே வரி. என் கவனக்குறைவால ஒருத்தர் இறந்துட்டாருன்னு. நாலாவதுல, ஒரு விபத்துக்காகன்னு. விபத்தாம்ல! ஏழாவதுல வெறும் மன அமைதிக்காக. நேத்து நான் தங்கின சத்திரத்துல என்ன தெரியுமா? மனசு லேசாயிடுச்சு, நல்லா தூங்குறேன், எல்லாருக்கும் நன்றின்னு. பக்கத்துல சிரிக்கிற மூஞ்சி ஒண்ணு வேற வரைஞ்சிருந்தாரு.

பதினோரு நாள்லண்ணே! அவரு ஒரு நாள் முன்னாடி போறாரு, போற வழியில எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டே போறாரு. நான் பின்னாலயே வந்து ஒவ்வொண்ணா படிக்கிறேன். எனக்கு ஒண்ணும் இறங்கல. வயிறு எரிஞ்சுது.

ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு? ஃபேன் போடச் சொல்லவா? வேண்டாமா, சரி.

கால் புண்ணால நீங்க இங்க ஒரு நாள் தங்கினது என் நல்ல நேரம். இல்லன்னா பிடிச்சிருக்கவே முடியாது. கோர்ட்டு விசாரணை அன்னைக்கு எனக்குக் கடைசி வரிசை, உங்க முதுகைத்தான் பார்த்தேன்; பதிவேட்டுல இருந்த பேரை வச்சுத்தான் இங்க உங்களைக் கண்டுபிடிச்சேன். நீங்க ஒரு தடவைகூடத் திரும்பல. ஆமாண்ணே, அந்த பெயிண்டர் என் வீட்டுக்காரர்தான்.

உட்காருங்க. உங்களை ஏதாவது பண்ணணும்னா கால்ல மருந்து போட்டுட்டு இருப்பேனா? வலிக்குதுன்னு நீங்க பாதியில பஸ் ஏறிடக் கூடாது, அதுக்குத்தான் இவ்வளவும். மலைக்கு இன்னும் பதினெட்டு நாள் நடை இருக்கு. நாளையிலேர்ந்து நானும் உங்க பக்கத்துலயே வரேன். என் வீட்டுக்காரர் எப்படி சிரிப்பாரு, எப்படி கோவப்படுவாருன்னு ஒண்ணொண்ணா சொல்லிட்டே வரேன், நீங்க கேட்டுக்கிட்டே நடங்க.