ஏலக்காய்க்கு அடியில் ஒரு போன்

இருபதாயிரத்துக்குள் நல்ல போன் எது என்று வண்டன்மேட்டில் யாரைக் கேட்டாலும், ஏசுரத்தினத்தைக் கேள் என்றுதான் கைகாட்டுவார்கள். நீங்களும் விசாரித்திருப்பீர்கள் சார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் நடத்துவது என் வயிற்றுப்பாட்டுக்கு. போன் பார்த்துச் சொல்வது ஊருக்கு நான் செய்யும் உபகாரம்.

இந்த மாடலை இருபத்து மூன்று பேருக்குச் சொல்லி வாங்க வைத்தேன். நானும் ஒன்று வைத்திருக்கிறேன். நடுநிலையாகவே சொல்கிறேன். பேட்டரி ஒன்றரை நாள் நிற்கும். மற்ற போன்கள் செத்துக் கிடக்கும் தோட்டத்துக்குள்ளும் இதில் இரண்டு கோடு சிக்னல் காட்டும். எடை கொஞ்சம் அதிகம். வேண்டாத ஆப்களை அவர்களே திணித்து அனுப்புகிறார்கள். கொடுக்கிற விலைக்கு அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். நான் சொன்னது மழையை. பக்கத்து வீட்டுப் பெரியமுத்து அண்ணாச்சி போனை மருந்தடிக்கும் டிரம்முக்குள் போட்டுவிட்டார்.

அன்று காலைதான் அவருடைய பச்சை ஏலக்காய் முழுவதும் உலர்த்துவதற்காக என் ஸ்டோரில் தட்டேறியிருந்தது. அவர் மகள் நிமியின் கல்யாணமே அந்தக் காயை நம்பித்தான். அண்ணாச்சிக்கு அந்த நினைப்பெல்லாம் இல்லை. போனை என் முன்னால் தூக்கிப் போட்டார்.

"ஒன் பேச்சக் கேட்டு வாங்குனேன் பாரு, என்னயச் சொல்லணும்லே. சாயங்காலம் சாயாக்கடைல வச்சு எல்லார்ட்டயும் சொல்லுதேன்."

இருபத்து மூன்று பேர் சார். ஆளுக்கொரு வார்த்தை கேட்டால்கூட நான் ஊரில் தலைகாட்ட முடியாது. சாயங்காலத்துக்குள் உயிர் கொடுத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பது கீழே கம்பம் பக்கத்துப் பழக்கம். நாங்கள் எதையும் ஸ்டோரில்தான் காயவைப்போம். மழைக்காலத்தில் கோட்டு, சாக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அங்கேதான் காயும். போனை அடித்தட்டில், அடுப்பிலிருந்து வரும் சூட்டுக்குழாயை ஒட்டி வைத்தேன். அண்ணாச்சி கண்ணில் பட்டால் சத்தம் போடுவார் என்று அவர் காயையே இரண்டு கை அள்ளி மேலே மூடினேன். மதியம் பார்த்தபோது போனின் முதுகு லேசாக உப்பியிருந்தது. உப்பினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நேரம் இல்லையே சார். அடுப்பில் நாலு விறகு கூடுதலாகத் தள்ளிவிட்டு, பாஸ்ட் சார்ஜரையும் சொருகினேன். அரை மணி நேரத்தில் பாதி ஏறிவிடும் என்பது இந்த மாடலின் பெரிய பலம்.

இருபது நிமிடத்தில் வெடித்தது.

நான் பதறவில்லை. வெளியே வந்து, சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, என் போனில் வீடியோ எடுக்கத் தொடங்கினேன். ஒரு போன் கெட்டால் மாடலே மோசம் என்று பேசுகிற ஊர் இது. இன்னொன்று எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா. புகைக்குள்ளும் நிறம் கொஞ்சமும் மாறவில்லை. தட்டுத்தட்டாகக் காய் எரிவது ஜன்னல் வழியாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. அண்ணாச்சி குடத்தோடு உள்ளே ஓடுகிறார், மீசை பொசுங்கி வெளியே வருகிறார். படம் துளி ஆடவில்லை. நிமி தன் பழைய போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, சிக்னல் கிடைக்காமல் தரையில் உட்கார்ந்து அழுகிறாள். அவளை ஜூம் செய்தபோது முகம் கொஞ்சம் மங்கியது உண்மைதான். ஆனால் அவ்வளவு தூரத்திலும் அண்ணாச்சி கத்துவது அட்சரம் பிசகாமல் பதிவாகியிருக்கிறது.

"ஏலே ஏசு, ஃபயர்போர்சுக்கு அடிலே. கையில போன்தானல வச்சிருக்க."

மொத்தம் ஒன்பது நிமிட வீடியோ. கூரை விழுவது வரை இருக்கிறது.

ஏன் கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான் சார். நானும் அங்கே நின்றபோது யோசிக்காமல் இல்லை. இந்த மாடலில் கால் போட்டால் வீடியோ நின்றுபோகும். அது போனின் குறை, தயவுசெய்து ரிப்போர்ட்டில் என் பேரில் எழுதிவிடாதீர்கள்.