‘பிராப்ளம்’ என்று சொன்ன ஷென் அக்கா

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் ஃபான் அவர்களே, அயராமல் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை மியாவ் அவர்களே, மூத்த மேஸ்திரிகளே, அடுப்படி வேலையை முடித்துவிட்டு மாலை வகுப்புக்கு ஓடிவரும் தாய்மார்களே, வூசி பம்ப் ஆலையின் தோழர்களே, வணக்கம்.

நம் ஆங்கில வகுப்பின் ஆண்டு விழாவில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் விளக்கச் சொன்னார்கள். நான் பம்ப் பொறியாளன். சுற்றி வளைக்க நேரமில்லை. சொல், ‘பிராப்ளம்’.

அகராதி என்ன சொல்கிறது? சிக்கல் என்கிறது, கோளாறு என்கிறது, பள்ளிக்கூடத்துக் கணக்கு என்கிறது. மூன்றையும் மனப்பாடம் செய்தோம். ஆனால் வாயைத் திறந்தால் வருவது எது?

ஆம், பின்வரிசையில் சரியாகச் சொன்னீர்கள். ‘நோ பிராப்ளம்!’ மேலாளர் கேட்டாலும் நோ பிராப்ளம். விருந்தாளி கேட்டாலும் நோ பிராப்ளம். முடியுமா என்று யோசிக்கும் முன்பே நோ பிராப்ளம்! சிக்கலைச் சிரிப்பால் மூடினோம், ஒழுக்கை ஒப்பனையால் மூடினோம். மானத்தைக் காத்தோம், பம்பைக் காத்தோமா?

சென்ற மார்ச்சில், மருத்துவமனைகளுக்கான பம்புகளைப் பார்வையிட ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். “எனி பிராப்ளம்?” என்றார். வரிசை முழுவதும் “நோ பிராப்ளம்” என்றது. கடைசியில் நின்ற சோதனைப் பிரிவு ஷென் குய்ஜென் அக்கா மட்டும் ஏழாம் பம்பைக் காட்டினார்.

“பிராப்ளம். வாட்டர்.”

கெங் மேஸ்திரி பல்லைக் கடித்தார். “ஏம்மா, விருந்தாளி முன்னாடியா மானத்த வாங்குவ? அவரு போனப்புறம் சொன்னா வாய் சுளுக்கிக்குமா?”

“அவரு போனா பம்பும் கூடவே போயிடும் மேஸ்திரி. அப்புறம் யார்கிட்ட சொல்ல, உங்க சுடுதண்ணி பிளாஸ்க்குகிட்டயா?”

சிரியுங்கள், சிரியுங்கள். மேஸ்திரியே சிரிக்கிறார்.

பம்பைப் பிரித்தோம். ரப்பர் வளையம் கிழிந்திருந்தது. அதில் மட்டுமா? பதினொரு பம்புகளில்! வந்தவர் அக்காவின் கையைக் குலுக்கினார். நாம் என்ன செய்தோம்? மறுவாரமே அக்காவைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினோம்.

கைதட்டாதீர்கள். அன்று முதலில் ‘நோ பிராப்ளம்’ என்றவன் யார்? நான். காலையிலேயே அந்த ஈரத்தைப் பார்த்தவன் யார்? நான்தான். பார்த்தும் பேசாத எனக்கு மேடை. பார்த்ததைச் சொன்ன அக்காவுக்கு அட்டைப்பெட்டி!

தலைவர் அவர்களே, திங்கட்கிழமை முதல் அக்கா மீண்டும் சோதனை மேசையில் நிற்க வேண்டும். “பார்க்கலாம்” என்று சொல்லிவிடாதீர்கள். அவரைத் திரும்ப மாற்றும் ஆணையை எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். இதோ பேனா. நீங்கள் கையெழுத்திடும்வரை நான் இறங்கப்போவதில்லை.

பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் ஷென் அக்கா, உங்களுக்கு என் வணக்கம். நிமிர்ந்து உட்காருங்கள்.