பெமிலா கடையில் வாங்காத மாத்திரை

பெயர் தங்கையன், வயது 61, தகப்பனார் பெயர் ஆபேல், தொழில் கொத்தனார், இருப்பிடம் மண்டைக்காடு அருகே புன்னவிளை, சர்ச் தெரு. நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில் 29.03.2025 அன்று பகல் 11 மணிக்கு, பேசும் அளவுக்குத் தெம்பு உண்டு என்று டாக்டர் எழுதித் தந்த பிறகு, சப்-இன்ஸ்பெக்டர் கேட்க நான் சொல்வது.

நான் மேற்படி முகவரியில் மனைவி ராகேலுடன் குடியிருந்து வருகிறேன். எங்களுக்கு ஒரே மகன் அனிஷ், வயது 29. கத்தாரில் கட்டட வேலையில் இருக்கிறான். லீவுக்கு வந்தவன் 12.04.2025 அன்று திரும்பிப் போகவேண்டும். எந்த மாத்திரை தின்று எனக்கு இப்படி ஆனது என்று மூன்று நாட்களாக ஆளாளுக்கு வந்து என்னிடம் கேட்டு, பதிலையும் அவர்களே சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டுக் கேட்டு காது புளித்துவிட்டது. அதனால் நான் சொல்லி முடிக்கும்வரை இடையில் நிறுத்தாமல் எழுதிக்கொள்ளும்படி சாரைக் கேட்டுக்கொண்டேன்.

கடந்த ஜனவரியில் இருந்து எனக்கு வலது முட்டில் வேதனை. கடியப்பட்டணத்தில் நடக்கும் ஒரு வீட்டு வேலையில் சாரத்தில் ஏறி இறங்க முடியாமல் போகவே, 04.03.2025 அன்று குளச்சலில் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தேன். அவர் பத்து நாளைக்கு மட்டும் என்று சொல்லி, காலையில் சாப்பிட்ட பிறகு ஒரு வேதனை மாத்திரையும், சாப்பாட்டுக்கு முன்பு வயிற்றுக்கு ஒரு கேப்சூலும் சீட்டில் எழுதினார். அதன் பிறகு அந்தச் சீட்டை எங்கள் ஊர் மருந்துக்கடையில் பெமிலாவிடம் கொடுத்தேன். பெமிலா மருந்துப் படிப்பு படித்து சொந்தமாகக் கடை நடத்தும் பெண். எங்கள் சபையைச் சேர்ந்தவள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் மாத்திரையைக் கவரில் போட்டு, கவரின் மேல் பேனாவால் எழுதிக்கொண்டே சொன்னாள். "மாமா, சாப்பிட்ட பெறவுதான் போடணும், வெறும் வயித்துல போட்டா குடல் புண்ணாயிரும். கறுப்பா வெளிக்குப் போனா அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. வேற வேதனை மாத்திரை வல்லதும் போடுதியளா?" இல்லை என்றேன். அன்றைய தேதிக்கு அது உண்மை.

மறுநாள் லெந்து என்ற நாற்பது நாள் உபவாச காலம் தொடங்கியது. நான் முப்பது வருடமாக லெந்தில் மதியம் வரை பச்சைத்தண்ணீர் தவிர ஒன்றும் தொடுவதில்லை. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகும்முன் மாத்திரையை மட்டும் தண்ணீரில் விழுங்கினேன். மாத்திரை ஆகாரம் இல்லை, அதனால் உபவாசம் முறியாது என்று நானே தீர்மானித்தேன். போதகரிடமும் கேட்கவில்லை, டாக்டரிடமும் கேட்கவில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மத்தியானம் சாப்பிட்டதும் போடும்படி மாற்றித் தந்திருப்பார். கேப்சூலை நான் தொடவே இல்லை. வேதனை முட்டில், வயிற்றுக்கு எதற்கு மருந்து என்று அதை அலமாரியில் போட்டுவிட்டேன். ஒரு வரி செங்கல் வைக்க நாலு தடவை தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறவன் நான். சொந்த உடம்புக்கு ஒரு தடவை பார்க்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

08.03.2025 அன்று அனிஷ் ஊருக்கு வந்தான். அவன் கொண்டுவந்த பெட்டியில் தைலம், சோப்பு, பால்பொடியோடு ரோஸ் நிற அட்டையில் வேதனை மாத்திரையும் இருந்தது. "அப்பா, அங்க சைட்ல எல்லாரும் இதத்தான் போடுவோம். ஒண்ணு போட்டா ஒரு நாள் முழுக்க நிக்கலாம்" என்று என் கையில் தந்தான். டாக்டர் மாத்திரை ஒன்று ஏற்கனவே போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நான் அவனிடம் சொல்லவில்லை. பிள்ளை ஆசையாகத் தருகிறான், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. அன்று முதல் காலையில் டாக்டர் மாத்திரை, சாயந்திரம் மகன் தந்த மாத்திரை என்று இரண்டையும் போட்டு வந்தேன். முட்டு வேதனை இருந்த இடம் தெரியவில்லை.

பத்து நாள் மாத்திரை தீர்ந்த பிறகு 14.03.2025 அன்று பெமிலாவின் கடைக்குப் போய் இன்னும் பத்து நாளைக்குக் கேட்டேன். அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தரமாட்டேன் என்றாள். வேறு மாத்திரை போடுகிறீர்களா என்று அன்றும் கேட்டாள். மாத்திரை கிடைக்காமல் போய்விடும் என்று அன்றும் இல்லை என்றேன். அது பொய். "டாக்டரைப் பாத்து புது சீட்டு வாங்கிட்டு வாங்க மாமா. நீங்க கோவப்பட்டாலும் செரி" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. "ஏட்டி, நாட்டுல உனக்க கடை மட்டுந்தான் இருக்கா?" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு மகன் தந்த மாத்திரையையே காலையும் சாயந்திரமும் போட்டேன். பெமிலா எனக்கு மொத்தமாகத் தந்தது அந்தப் பத்து மாத்திரையும் பத்து கேப்சூலும் மட்டுமே, அதுவும் சீட்டுப்படி.

21.03.2025 முதல் எனக்குக் கறுப்பாக வெளிக்குப் போனது. முருங்கைக்கீரை தின்றதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவள் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. அவள் சொன்னது சரியாகிப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வீம்பு. 25.03.2025 அன்று காலை வேலை இடத்தில் தலை சுற்றி மணல் குவியலில் விழுந்தேன், அதன் பிறகு இரத்தமாக வாந்தி எடுத்தேன். என்னைக் காரில் ஏற்றிக் கொண்டுவரும்போது அனிஷ் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்த மாத்திரையப்பா தின்னீங்க?" என்று அழுதுகொண்டே கேட்டான். நீ தந்த மாத்திரைதான் மக்கா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "பெமிலா கடை மாத்திரை" என்றேன்.

அதன் பிறகு எனக்கு மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் காலை என் மகன் பெமிலாவின் கடைக்குப் போய் ஹெல்மெட்டால் மேசைக் கண்ணாடியை அடித்து உடைத்திருக்கிறான். தடுத்த பெமிலாவுக்கு வலது கையில் கண்ணாடி கீறி ஏழு தையல். அதற்கு அவள் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறாள். அவள் சீட்டு இல்லாமல் வீரிய மாத்திரை விற்றாள் என்று அவனும் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறான். அதன் பேரில் அவள் கடை பூட்டிக் கிடக்கிறது, லைசென்சும் போகும் என்கிறார்கள். இதெல்லாம் நடக்கும்போது நான் கண் திறக்கவில்லை.

கண் திறந்த பிறகு வார்டு டாக்டர் தனியாக விசாரித்தார். என் சட்டைப்பையில் கிடந்த ரோஸ் அட்டையை எடுத்துக் காட்டினேன். குளச்சல் சீட்டோடு வைத்துப் பார்த்துவிட்டு, பேர்தான் வேறு, இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே மருந்து, வெறும் வயிற்றில் இரண்டு மடங்கு தின்றதில் குடல் புண்ணாகி இரத்தம் வடிந்திருக்கிறது என்று சொன்னார். அட்டையை இன்று சாரிடம் ஒப்படைத்துவிட்டேன்.

என் மனைவியின் தம்பி ஜான்ரோஸ் நேற்று முதல் என் கட்டிலருகே உட்கார்ந்து வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறதுபோலப் பேசுகிறார். "அத்தான், அவ சீட்டு இல்லாம தந்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். இல்லன்னா கேஸ் பயலுக்க மேல விழும், பயணம் முடங்கிரும்" என்பதே அவர் பேச்சு. ராகேலும் அதையே சொல்லி அழுகிறாள். மகன் பயணம் முடங்கினால் எனக்கு வலிக்காதா? வலிக்கும். ஆனால் இரண்டு தடவை கேட்டு, எழுதியும் தந்து, என் ஏச்சையும் வாங்கிக்கொண்டு மாத்திரை தராமல் நின்றவள் அவள் ஒருத்திதான். அவள் கடையைப் பூட்டவைத்துவிட்டு என் பிள்ளையை நான் விமானம் ஏற்ற முடியாது. கண்ணாடியை உடைத்தது என் மகன். உடைக்க அனுப்பியது நான் சொன்ன பொய்.

இவ்வளவும் எழுதிய பிறகு, இதை ஸ்டேஷனில் வைத்து என் மகன் தெரிந்துகொள்வது முறையில்லை என்பதால், வெளியே நின்ற அவனை உள்ளே வரச்சொல்லும்படி சாரைக் கேட்டேன். அனிஷ் வந்தான். நான் தின்றது அவன் தந்த மாத்திரை, அவனிடம் மறைத்தது நான் என்று சொன்னேன். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்ப அந்த அக்காவுக்க கையை நான் எதுக்குப்பா கீறினேன்?" என்று கேட்டான்.

சார் முழுவதையும் வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் உள்ளதெல்லாம் உண்மை. 25ஆம் தேதி காரில் வைத்து என் மகனிடம் நான் சொன்னதுதான் பொய்.

(ஒப்பம்) ஆ. தங்கையன்