வெயிலுவந்தா கேட்ட சுண்ணாம்பு

ஓய் மாப்ள, மொதல்ல அந்தப் பாக்குவெட்டியக் கீழ வையும். கிழவன் கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டா, இரும்பு மொனையில தொட்டு நீட்டுதீரே! ஒம்ம ஊருல அப்பிடித்தான், தெரியும். வழியில சுண்ணாம்பு கேக்குறது பேயி, இரும்புல குடுத்தா ஓடிரும்பாவ. எங்க புளியடிக்குறிச்சியில மட்டும் கையிலதான் குடுக்கணும். கல்யாண வீட்டுல பந்திக்கு எல போட இன்னும் நேரமிருக்கு. உக்காரும், சொல்லுதேன்.

ரயிலு கூவாத காலம். தார் ரோட்டு வாடையே தெரியாத காலம். அந்தக் காலத்துல இந்த ஊருல பூவுடையா, பூவுடையான்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க தாத்தாவோட அப்பனப் பெத்தவ. ஊருக்குத் துணி வெளுக்கிறவ. பெரிய வீட்டு வேட்டியும் அவ கைக்குத்தான் வரும், பொணத்து மேல கெடந்த துணியும் அவ கைக்குத்தான் வரும்.

அவளுக்கு ஒரு மவ. பேரு வெயிலுவந்தா. தலப் பிரசவத்துல பிள்ள வயித்துல இருக்கையிலயே செத்துப்போனா. புள்ளத்தாச்சி செத்தா சுமதாங்கி நடணும்லா? சந்தைக்குப் போற வண்டிப் பாதையில ரெண்டு கல்ல நட்டு, மேல ஒரு கல்லப் படுக்க வச்சா பூவுடையா. “எம் மவ எறக்காத சுமைய எவனாச்சும் எறக்கி வைக்கட்டும்”னு சொல்லி அழுதாளாம். அட, நான் சின்னப் பயலா இருக்கையில கூட அங்க எப்பவும் பத்துப் பேரு நிப்பாவ. சுமைய எறக்கி வச்சு, வெத்தலையப் போட்டு, ஊர்க்கத பேசி... அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் என் காதுல கெடக்கு. சரி, போகட்டும்.

கல்லு நட்டு ஒரு வருசம் ஆகல. அந்தக் கல்லடியில ஒருத்தன் செத்துக் கெடந்தான். வெட்டு இல்ல, குத்து இல்ல. வாயெல்லாம் செவப்பு. மடி அவுந்து கெடந்துச்சு, அதுல இருந்த பணத்தக் காணோம். அடுத்த மாசம் இன்னொருத்தன். அதுக்கடுத்து இன்னொருத்தன். அப்பிடி நாலு பேரு செத்தானுவளாம். எல்லாரும் ஒண்டியா வந்தவனுவ.

அப்ப ஊருல குறி சொல்லுதவன் ஒருத்தன் இருந்தான், மாசாணமுத்துன்னு. எங்கருந்தோ வந்தவன். நாக்குல அம்மன் குடியிருக்கா, அதனால வெத்தல போட மாட்டேன்னு வெரதம் வேற. அவன் உடுக்கைய அடிச்சுச் சொன்னானாம்: “வெயிலுவந்தாதான் மோகினியா நிக்கா. சுண்ணாம்பு கேக்கா. கையில குடுத்தவன அடிக்கா, ரத்தம் கக்குதான். குழியத் தோண்டி, எலும்ப எடுத்து எரிக்கணும். கல்லையும் ஒடைக்கணும்.”

ஊரு சரின்னுட்டு. பயந்த ஊரு எதத்தான் வேண்டாங்கும்?

பூவுடையா என்ன பண்ணுவா? வண்ணாத்தி பேச்சு அம்பலம் ஏறுமா? அழுதுகிட்டே ஆத்துக்குப் போனாளாம். நாலாவதா செத்தவன் வேட்டிய எடுத்தா. காஞ்சு கெடந்த கறையப் பாத்தா. பாத்தவ அழுகைய நிப்பாட்டிட்டா. ஏன்? ரத்தம்னா காஞ்சா கறுத்துப் போகும். இது காஞ்சும் செக்கச் செவேர்னு இருக்கு. எலுமிச்சங்காய நறுக்கித் தேய்ச்சா. கறை வெளுத்துட்டு! “அட பாவிகளா, இது ரத்தமா? வெத்தலச் சாறுல்லா!”ன்னாளாம். செத்தவன் கிட்டப் போக ஒருத்தனுக்கும் தைரியமில்ல மாப்ள. எட்ட நின்னு பாத்துட்டு ரத்தம் ரத்தம்னு சொல்லியிருக்கானுவ.

அப்புறம் அடுத்த துணிய எடுத்தா. அது மாசாணமுத்து வேட்டி. மடி சொருகுற மூலையில வெள்ளையாத் திட்டு. தொட்டா, பொடி ஒட்டுது. துணியே அரிச்சு ஓட்ட விழுந்திருக்கு. சுண்ணாம்பு! வெத்தல போடாத வெரதக்காரனுக்கு மடியில சுண்ணாம்பு எதுக்கு?

விடிஞ்சா குழி தோண்டுதாவ. ஊரே சுத்தி நிக்கி. மேல்மண்ண அள்ளியாச்சு, அடுத்த வெட்டுக்கு மம்பட்டிய ஓங்கியாச்சு. பூவுடையா கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்தா. மாசாணமுத்து முன்னால கைய நீட்டுனா.

“சாமி, கொஞ்சம் சுண்ணாம்பு தாரும்.”

யாத்தே! பேயி கேக்குற கேள்வியில்லா! ஓங்குன மம்பட்டி அப்பிடியே நின்னுட்டு.

“எங்கிட்ட ஏது? நாந்தான் வெத்தல போடுறதில்லியே”ன்னான் அவன்.

“மடியத் தொழாவிப் பாரும், இருக்கும். ஒம்ம வேட்டி சொல்லிட்டு.”

ஊர்ப் பெரியவரு பலவேசம் அவன் மடியில கைய விட்டாரு. குட்டியா ஒரு பித்தள டப்பி வந்துச்சு. நெறையச் சுண்ணாம்பு. அவன் மொகம் போன போக்கு! ஆனாலும் சமாளிச்சான். “பூசைக்கு வச்சிருக்கேன். வெறும் சுண்ணாம்புதான்”ன்னான்.

“வெறும் சுண்ணாம்புதானே?”ன்னா பூவுடையா. டப்பிய வாங்குனா. முந்தியில இருந்த வெத்தலைய எடுத்தா. காம்பக் கிள்ளுனா. வெரல் நெறைய எடுத்துத் தடவுனா. மடிச்சா. வாய்கிட்டக் கொண்டுபோனா. கொண்டுபோனா...

“ஏட்டி, போடாதட்டி!”ன்னு கத்திட்டான் மாசாணமுத்து.

இவ செத்து விழுந்தா மாட்டிக்கிடுவோம்னு பயந்தானோ, என்ன எழவோ. வாயி முந்திக்கிட்டு. தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாவ!

பூவுடையா வெத்தலையக் கீழ போட்டா. “வெறும் சுண்ணாம்புன்னா என்னத்துக்குவே போடாதங்கீரு?”

ஊருக்கு அப்பத்தான் வெளங்கிச்சு. சுண்ணாம்புல விச மருந்தக் கலந்து வச்சு, கல்லடியில இளைப்பாறுறவனுக்கு நல்லவனாட்டம் குடுத்து, மடியில இருந்ததப் பறிச்சிருக்கான். கட்டிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனாவளாம். அவன் என்ன ஆனான், என்ன மருந்து அது, இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?

ஊரு வெக்கப்பட்டுப் போச்சு. பலவேசம், “பூவுடையா, தப்புப் பண்ணிட்டோம். என்ன வேணும் கேளு. வயக்காடு வேணுமா?”ன்னாராம்.

அவ மவ குழியில மண்ணத் தள்ளி மூடிக்கிட்டே சொன்னாளாம்: “வயலும் வேண்டாம், வரப்பும் வேண்டாம். என் பிள்ள செத்தும் அவளப் பேயின்னிய. இனிமே இந்த ஊருல யாரு சுண்ணாம்பு கேட்டாலும் இரும்ப நீட்டாதிய. கையில குடுங்க. அது போதும்.”

அன்னையில இருந்து இதுதான் வழக்கம். சுமதாங்கி இன்னும் நிக்கி. நாளைக்கு மறுவீட்டுக்குப் போறப்ப வண்டியில இருந்து பாரும், இடது கைப்பக்கம். இப்ப யாரு தலையில சுமக்கா? சும்மாதான் நிக்கி. ஆனா படுக்கக் கல்லு மேல ஒரு பொட்டுச் சுண்ணாம்பு எப்பவும் ஈரமா இருக்கும். எங்க ஊருல எவ முழுவாம இருந்தாலும் அங்க போயி ஒரு பொட்டு வச்சுட்டுத்தான் வருவா.

என்ன மாப்ள, யோசிக்கீரு? நெசமாவே பேயி வந்து கேட்டா என்ன பண்ணன்னா? கேக்கட்டுமே. அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளதான. கொண்டாரும், கையில வையும்.