எழுந்து நின்ற இரண்டு மூலைகள்

பெனிட்டா, ஜாஸ்பர்... இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் அப்படியே நில்லுங்கள். காலை நகர்த்த வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஜெபத்துக்கு முன்னால் ஒரு கதை. சின்னதுதான். பந்தியிலிருந்து மீன் குழம்பு வாசனை வருகிறது, தெரியும். எனக்கும்தான் வருகிறது.

கதை ஒரு பலகையைப் பற்றி.

சிரிக்கிறீர்கள், கல்யாண மேடையில் போதகர் பலகையைப் பற்றிப் பேசுகிறாரே என்று. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை ஐயா. எனக்குத் தெரிந்ததைத்தானே நான் பேச முடியும்?

போன வருஷம், நம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. பாட்டுக்குழுத் தலைவர் கிப்சன் சார்... அதோ, தலையைக் குனிந்துகொள்கிறார்... முற்றத்தில் ஒரு மேடை போட ஆசைப்பட்டார். அயனி மரத்துப் பலகை வாங்கினார். அடியில் குறுக்குச் சட்டம் வைத்து அடித்து, கட்டில் அகலத்துக்கு ஒரு தட்டு செய்தார். நான்கு மூலைக்கும் நான்கு கல்.

பலகை பச்சை மரம். ஈரம் போகவில்லை. யார் பார்த்தது? தட்டை வாதாம் மரத்தடியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். ஒரு பாதிக்கு வெயில். ஒரு பாதிக்கு நிழல். நடுவில் ஒரு மழை.

மரம் சும்மா இருக்குமா?

முறுக்கிக்கொண்டது. எதிரெதிரே இரண்டு மூலை கல்லில் உட்கார்ந்தது. மற்ற இரண்டும் எழுந்து நின்றது. ஒன்றை மிதித்தால்... டக். அது கீழே, அதன் ஜோடி மேலே. ஜோடியை மிதித்தால்... டக். இது மேலே.

சார் ஆப்பு வைத்தார். ஆப்பு நழுவியது. ஆணி அடித்தார். ஒரு பலகை பிளந்தது. விருந்துக்கு வந்த அரிசி மூட்டைகளை இரண்டு மூலையிலும் ஏற்றினார். ஆகா, தட்டு படுத்துவிட்டது. காலையில் அரிசி அடுப்புக்குப் போனது. மூலை மேலே போனது.

கடைசியில் கமிட்டியில் ஒருவர் வழி சொன்னார். "ஜமுக்காளத்தப் போட்டு மூடிருவோம் சார்."

மூடினோம். நமக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே?

ஆனால் சாருடைய உண்மையான கவலை பலகை இல்லை. பண்டிகைக்காக அவர் எழுதிய பாட்டு ஒன்று. இரண்டு பெண்குரல் சேர்ந்து மேலே போக வேண்டும். அந்த உயரத்துக்குப் போகிறவர்கள் நம் சபையில் இருவர். எப்சிபா அக்கா. மரகதம் அக்கா. அவர்களை நினைத்தே எழுதிய பாட்டு.

அவர்களோ பேசிக்கொள்வதில்லை.

ஏன்? எப்சிபா அக்கா பேரனுடைய ஞானஸ்நான விருந்து. மரகதம் அக்கா ஒரு வாய் வைத்தார்கள். சொன்னார்கள்: "மீன் கொழம்புல புளி பத்தலியே."

அவ்வளவுதான். ஒரு வருஷம்.

சார் இரண்டு வீட்டுக்கும் நடந்தார். பாட ஒப்புக்கொண்டார்கள். ஆனால்...

"அவ பக்கத்துல நான் நிக்க மாட்டேன், சார்."

"நான் மட்டும் நிப்பேனாக்கும்?"

சார் யோசித்தார். ஒருவரை முன்னால் இடது மூலையில் நிறுத்தினார். மற்றவரைப் பின்னால் வலது மூலையில். அந்தத் தட்டில் அதைவிடத் தூரம் கிடையாது.

எந்த மூலைகள் என்று நினைக்கிறீர்கள்?

அதே. எழுந்து நின்ற அதே இரண்டு. சார் திட்டம் போடவில்லை. கோபம் இடம் பிடித்துக்கொடுத்தது. இருவரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். தட்டு சத்தமில்லாமல் படுத்தது. இரண்டு பேருக்கும் எடை ஒன்றுதான்... இதை நான் சொல்லவில்லை அக்கா, பலகை சொன்னது.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் முடிந்தது. கீபோர்டு இசை வருகிறது. எப்சிபா அக்காவுக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்கலாம் என்று கீழே இறங்கினார்கள்.

டக்.

மரகதம் அக்கா ஒரு பக்கமாகச் சாய்ந்து மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஏ எப்சி. ஏறுடீ. விழப்போறேன்."

எப்சிபா அக்கா திரும்பிப் பார்த்தார்கள். பலகையைப் பார்த்தார்கள். புரிந்துவிட்டது. நிதானமாக ஒரு வாய் தண்ணீர் குடித்தார்கள்.

"புளி சரியா இருந்துச்சுன்னு சொல்லு."

"பாட்டு முடியட்டும்."

"இப்பமே சொல்லு."

கீபோர்டு ஜெர்லின் அதே இசையைத் திரும்ப வாசிக்கிறாள். மறுபடி வாசிக்கிறாள். கிப்சன் சார் கை காற்றில் நிற்கிறது. முன்வரிசையில் ஒரு அண்ணாச்சி, "இந்த இடம் நல்லாருக்குல்லா" என்று தலையாட்டுகிறார்.

"...சரியாத்தான் இருந்துச்சு. ஏறு."

ஏறினார்கள். தட்டு படுத்தது. இரண்டு குரலும் சேர்ந்து மேலே போனது. எனக்குக் கண் கலங்கியது. சார் அழுதேவிட்டார்.

பாட்டு முடிந்தது. கைதட்டல். அந்தச் சத்தத்துக்குள் மரகதம் அக்கா மெல்லச் சொன்னார்கள்.

"ஆனா உப்பு கூடுதல்."

எப்சிபா அக்கா ஒரு காலை மட்டும் தூக்கினார்கள்.

டக்.

அன்பானவர்களே. அந்தப் பலகை நிமிரவே இல்லை. இன்றும் கோணல்தான். அந்த இரண்டு பேரும் அப்படித்தான். ஒரே மூலைக்கு வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. வந்திருந்தால் தட்டு சாய்ந்திருக்கும். எதிரெதிரே நின்றார்கள். இறங்காமல் நின்றார்கள். அது போதுமாக இருந்தது.

கல்யாணத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆகிவிடவேண்டும் என்று உங்களிடம் நிறையப் பேர் சொல்வார்கள். நான் கேட்பது சின்னது. சண்டை போடுங்கள். உங்கள் மூலையில் நின்று போடுங்கள். இறங்கிப் போகாதீர்கள். நீங்கள் இறங்கினால் விழப்போவது எதிர்மூலையில் நிற்பவர்.

ஜாஸ்பர், இப்போது ஒரு அடி கீழே இறங்குங்கள்.

டக்.

கேட்டதா? பெனிட்டா, பயந்துவிட்டாயா அம்மா? ஆமாம். ஜமுக்காளத்துக்கு அடியில் அதே தட்டுதான்.

ஏறுங்கள் ஜாஸ்பர்... பாருங்கள், சத்தமில்லை.

ஜெபித்துவிட்டுச் சாப்பிடப் போவோம். குழம்பு வைத்தது எப்சிபா அக்கா. புளியைப் பற்றி யாரும் வாய் திறக்கவேண்டாம்.